மற்றவை

கல் போனது, கார் வந்தது.
கணக்கு அவ்வளவுதான் என்றார் முதலாளி
குவாரிக்குப் பூட்டு விழுந்த அன்று.

பர்கூர்ப் பக்கம் நாங்கள் துளைபோட்டுப் பிளந்த மலை
சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி
ஜப்பானில் யார் யாருக்கோ கல்லறையானது.
ஒருமுறை போய்வந்தவர் கையோடு இறக்கியது இந்த வண்டி.
எண்பத்தேழாம் வருஷத்து டொயோட்டா,
ஆறிப்போன கொள்ளுரசத்தின் நிறம்.
முப்பத்தோரு மாதச் சம்பள பாக்கிக்கு
சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

விற்றால்தான் காசு.
ஆர்.சி. புதுப்பித்தால்தான் விற்கலாம்.
ஆர்.சி.க்குப் புகைச் சான்று.

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை மேம்பாலத்தடியில்
ஒரு தகரக் கூண்டு. கணினி, மின்விசிறி, நாகவேணி.
சைலன்சருக்குள் குழாயைச் சொருகிவிட்டு
திரையைக் காட்டினாள்.
மூன்றுவரை விடுவார்கள்.
எனக்கு ஐந்து புள்ளி இரண்டு.

"முந்நூறு தள்ளு," என்றான் பக்கத்தில் நின்ற புரோக்கர்,
"போட்டோவுல உன் நம்பரு,
புகை அந்த ஆல்டோவோடது."

எனக்கு அந்த வித்தை தெரியும்.
குவாரிக்கு மருத்துவ முகாம் வந்த வருஷம்
பத்துப் பேருடைய நெஞ்சுக்கும் சேர்த்து
பீகாரிலிருந்து வந்து நான்கு நாளான பையன்
ஒருவனே குழாயில் ஊதினான்.
பத்துப் பேரும் தேறினோம்.
அதில் நான்கு பேர் இப்போது இல்லை.

வண்டியைப் பின்னால் எடுத்தேன்.

பழையபேட்டையில் முனவர் பானெட்டைத் திறந்தான்.
உள்ளே ஒரு மஞ்சள் ஸ்டிக்கர், எறும்பு ஊர்ந்தாற்போல் எழுத்து.
இருவருக்கும் படிக்கத் தெரிந்தது
அறுநூற்றைம்பது மட்டும்.
"ஐடிலிங்கா இருக்கும் பாய்," என்று திருகாணியைத் தொட்டான்.
புகையைக் கழுவும் தேன்கூடு ஒன்று
குழாய்க்குள் இருந்திருக்க வேண்டுமாம்;
எவனோ என்றைக்கோ இடித்து உதிர்த்துவிட்டிருந்தான்.
கார்புரேட்டரைப் பெட்ரோலில் ஊறவைத்தான்.
காற்று வடிகட்டியைக் கழற்றித்
தரையில் நாலு தட்டுத் தட்டினான்.
எங்கள் மலை கொட்டியது.

இரண்டாம் முறை மூன்று புள்ளி நான்கு.

"சூடு பத்தல. டோல்கேட் வரைக்கும் மூணாவது கியர்லயே
விரட்டிட்டு வா. அணைச்சிடாத."
மூணாவதில் அது அலறியது. திரும்பும்போது மனசு கேட்காமல்
நான்காவதுக்குத் தட்டினேன்.
நூறைத் தாண்டியதும் டேஷ்போர்டுக்குள்
கிண்கிண் என்று பூசை மணி அடித்தது.
பயந்து காலை எடுத்தேன், நின்றது.
மறுபடி மிதித்தேன், அடித்தது.
முப்பத்தோரு மாதத்தில் எவ்வளவு மாதம்
இந்த மணிக்குப் போயிற்று என்று
ஓட்டிக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
வரவில்லை.

கூண்டுக்கு முன்னால் மாங்கூழ் ஆலை டெம்போ மூன்று.
அணைக்காமல் வரிசையில் நின்றேன்.
வெப்பமுள் சிவப்பை முகர்ந்து முகர்ந்து திரும்பியது.
என் பங்குக்கு நானும் இருமினேன்.

இரண்டு புள்ளி எட்டு.

நாகவேணி தட்டச்சினாள்.
பட்டியலில் இந்த மாடல் இல்லை,
மேலும் கீழும் உருட்டிவிட்டு 'மற்றவை' என்று அழுத்தினாள்.
நிறம் என்ன என்று கேட்டாள்.
கொள்ளுரசம் என்றேன்.
சிரித்துக்கொண்டே அதற்கும் மற்றவை.
குழாயைத் துடைத்த கையோடு தாளை நீட்டியதில்
ஓரத்தில் ஒரு கரிவிரல் ஒட்டியிருந்தது.
"ஆறு மாசம் ணா. அப்புறம் மறுபடி வரணும்."
தருமபுரி ஆஸ்பத்திரியிலும் இதே தவணைதான்,
தாள் மட்டும் தருவதில்லை.

சாவியைத் திருப்பினேன்.
அணைத்த பிறகும் அடங்காமல்
இரண்டு மூன்று இருமல்.

யார் என்று பார்க்க
நாகவேணி திரும்பினாள்.